வெளிச்சவீட்டின் உச்சியில் ஒரு பின்நேரம்

நான் ஏறாத ஒரு கோபுரத்தைப் பற்றித்தான் முதலில் எழுதினேன்.

பாடசாலை ஆண்டு மலருக்கு ஊரின் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என்று அதிபர் கேட்டிருந்தார். நான் வரலாறு படிப்பிக்கிறவள். கற்பிட்டிக் கோட்டையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதனால் எங்கள் ஊருக்கு அப்பால், மணல் முனையில் தனியே நிற்கிற வெளிச்சவீட்டை எடுத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் அதைக் கலங்கரை விளக்கம் என்று போட்டிருப்பார்கள். ஊரில் வெளிச்சவீடு, இல்லாவிட்டால் வெறுமனே லைட்.

அதன் சாவி, அதைக் காவல் பார்க்கிற வோச்சரிடம் இருந்தது. அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். அவருடைய வாப்பா அங்கே விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர். மகனுக்குக் கிடைத்தது கதவைப் பூட்டித் திறக்கிற வேலை மட்டும். மேலிடத்திலிருந்து விசாரணை வந்துவிடும் என்ற பயத்தில், யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே சொல்தான்: "ரிப்போட் வரும்."

கட்டுரைக்காகப் போன அன்று என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார். உள்ளே சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. கல்படிகள் சுவரோடு ஒட்டிச் சுற்றிச் சுற்றி மேலே போயின. சுவர்ப் பக்கம் பிடிக்க எதுவுமில்லை, நடுப்பக்கம் கிணறுபோல் வெறும் பள்ளம். மூன்றாவது சாளரத்தில் நான் தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டேன். சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன்.

"டீச்சர், கீழ பாக்காதீங்க. இன்னும் கொஞ்சம்தான்."

"எனக்கு ஏலாது. நான் வரல்ல."

படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் சிரிக்கவில்லை. மேலே என்ன இருக்கிறது என்பதை வெளியே மணலில் நின்று சொன்னார், நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன். பிறகு வீட்டில் இருந்து எழுதும்போது, 'உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு நீரும் நீல விரிப்புகளாகத் தெரியும்' என்று, நானே நின்று பார்த்ததுபோல எழுதினேன். அதிபர் அந்த வரியைத்தான் காலைக்கூட்டத்தில் வாசித்துக் காட்டினார்.

மற்றபடி அந்தக் கட்டுரையில் பொய் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய கோபுரம் அது. எங்கள் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் நீளமாக ஒரு கல்லுப்பார் கிடக்கிறது. அதில் ஓரிடத்தில் மட்டும் வாசல்போல ஓர் இடைவெளி. வெளியிலிருந்து வருகிற போட் அந்த வாசலால்தான் நுழைய வேண்டும், தவறினால் கல்லில் ஏறும். லைட்டை நேரே முன்னால் வைத்துக்கொண்டு வந்தால் வாசல் பிசகாது. அதற்காகத்தான் அந்தக் கோபுரம் அந்த இடத்தில் நிற்கிறது.

முதலில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. அதைப் பார்ப்பவர் குடும்பத்தோடு அடிவாரத்தில் ஒரு வீட்டில் இருந்தார். இப்போது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை, ஆடுகள் மழைக்குக்கூட அதற்குள் போவதில்லை. வருடத்தில் சில வாரங்கள் வடக்கிலிருந்து வருகிற பறவைகள் கூட்டமாக வந்து கண்ணாடியில் மோதுமாம். விடிய எழும்பி அவற்றைக் கூட்டி அள்ளுவதும் வாப்பாவின் வேலையாக இருந்தது என்று வோச்சர் சொன்னார். பிறகு வாயுவில் எரிகிற விளக்கு வந்தது. பிறகு யுத்தம். யுத்தத்தில் விளக்கை நிறுத்திவிட்டார்கள்.

அந்த இருட்டு எங்கள் குடும்பத்துக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேறச் சொன்னபோது நான் மூன்று வயதுப் பிள்ளை. வள்ளத்தில்தான் வந்தோம். தில்லையடியில் இருக்கிற என் வாப்பாவிடம், கட்டுரைக்காக, வரும்போது இந்த லைட்டைக் கண்டீர்களா என்று கேட்டேன்.

"லைட் எரியல்ல மக," என்றார். "அலை அடிக்கிற சத்தத்த வச்சித்தான் வள்ளக்காரர் கரையப் புடிச்ச."

யுத்தம் முடிந்தபின் உச்சியில் சோலார் தட்டும் பெற்றரியும் சின்ன விளக்கொன்றும் பூட்டினார்கள். பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை. பொழுதுபட்டால் தானாக எரியும், விடிந்தால் அணையும். ஆண்டு மலர் வெளிவந்து இரண்டு மாதத்தில் யாரோ பூட்டை உடைத்து ஏறி அந்தப் பெற்றரிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று ஊருக்கு ஓரளவு தெரியும். யாரும் சொல்லவில்லை. வோச்சர் புதுப் பூட்டுப் போட்டார். பொறுப்பான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம், ஆள் வருவார் என்றார்கள். நான்கு மாதமாக வெளிச்சவீடு வெறும் கோபுரமாக நின்றது.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். அவரும் அவருடைய மாமாவின் மகனும் ஒரே போட்டில் பன்னிரண்டு வருடமாகத் தொழில் செய்தார்கள். அது நவம்பர் மாதம். அன்றும் விடிவதற்கு முன் போனார்கள். காற்று எச்சரிக்கை எட்டு மணிக்குப் பிறகுதான் ஃபோனுக்கு வந்தது. நண்பகலுக்குள் தென்மேற்கு கறுத்துவிட்டது. பாடசாலையை வழமைக்கு முன்னமே விட்டார்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வரும்போதே தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கம் சீவியதுபோல் நின்றன.

பகல் இரண்டு மணி தாண்டி அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. காற்றின் இரைச்சலுக்குள் அவர் குரல்.

"இஞ்ச காத்து மாறிட்டு. எஞ்சின் நிண்டு நிண்டு போகுது. கரை தெரியல்ல. நீ பயப்புடாத, நாங்க வந்திருவம்."

அதை நான் மூன்று முறை கேட்டேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒருநாளும் அவர் என்னிடம் பயப்படாதே என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. திருப்பி அழைத்தேன், ஃபோன் போகவில்லை.

மகளைக் கணவரின் தாயான மாமியிடம் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். ஆண்கள் கயிறு பிடித்து, கரையில் கிடந்த போட்டுகளை இன்னும் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் போட்டும் வந்துவிட்டது, இரண்டைத் தவிர. ஒன்று எங்களுடையது. மற்றது அண்ணன் தம்பி இருவருடையது. கடற்படைக்கு அறிவித்தாகிவிட்டது, இந்தக் கடலில் அவர்களாலும் உடனே இறங்க முடியாது என்றார்கள். கடல் எங்கே, மழை எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கல்லுப்பாரில் அலை உடைகிற சத்தம் மட்டும் மணலுக்கு அடியால் வந்து காலில் அதிர்ந்தது.

"பொழுதுபட முன்ன வராட்டி, வாசல் தெரியாது," என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "லைட் இருந்திருந்தா..." என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

அந்த அரைவாசி வசனம்தான் என்னை அங்கிருந்து நகர்த்தியது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். ஓட்டோ ஓட்டுகிறவர். பெரிய உடம்பு. வயரிங் வேலையும் தெரியும், ஊரில் பாதி வீட்டுக்கு மின்சாரம் இழுத்தவர் அவர்தான். தூரத்துப் பாடசாலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"நானா, அந்த லைட்ட எரிய வைக்க ஏலுமா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு முனைப் பக்கம் பார்த்தார். "பெற்றரிய மட்டும்தானே கொண்டு போன. விளக்கு அப்பிடியே இருந்தா ஏலும். ஓட்டோட பெற்றரியும் பன்னெண்டு வோல்ட்தான். ஏறுங்க டீச்சர்."

மழையில் மணல் பாதை சிவந்த சேறாகிக் கிடந்தது. வழியில் இருந்தது வோச்சரின் வீடு. முன்கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றவர், நான் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"ஏலாது டீச்சர். அது அரசாங்கத்துட சாமான். கை வச்சா எனக்கு ரிப்போட் வரும். பெற்றரி போனதுக்கே என்னத்தான் கேட்டவங்க. நீங்க எடுத்தீங்களா எண்டு கேட்டவங்க."

"என்ட மாப்புள கடல்ல இரிக்கார்."

"தெரியும்."

"ரெண்டு போட். நாலு பேர்."

"தெரியும் டீச்சர்." உள்ளே திரும்பினார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து, வாசற்படிக்கு வெளியே, ஈர மணலில் போட்டார். என் கையில் தரவில்லை.

"நான் தரல்ல," என்றார். "நீங்கதான் எடுத்தீங்க." கதவு சாத்தப்பட்டது.

குனிந்து எடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சாவிக்குப் பயப்படுகிற மனிதரையும், ஒரு படிக்குப் பயப்படுகிற என்னையும் அந்த நேரத்தில் என்னால் வேறுபடுத்த முடியவில்லை.

கோபுரத்துக்குள் காற்று ஊதுகுழல்போல் சத்தமிட்டது. நானா பெற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். நான் சுவரில் இரு கையையும் பதித்து, கண்ணை அவருடைய செருப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். மூன்றாவது சாளரம் வந்தது. நின்றுவிட்டேன்.

"நானா, நீங்க போங்க. மேல போய்ச் செய்யிறதச் செய்யுங்க. நான் கீழ நிக்கிறன்."

அவர் போனார். சாளரத்துக்குக் கீழே குந்திக்கொண்டு ஓதினேன். கொஞ்ச நேரத்தில் இரும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் கிணற்றுக்குள்ளால் இறங்கி வந்தது.

"டீச்சர்! மூடி பாதிதான் தொறக்குது. கள்ளனுகள் வளச்சி வச்சிரிக்கானுகள். என்ட ஒடம்பு போகாது."

நான் சாளரத்தின் கல்லை இறுக்கிப் பிடித்தேன்.

"டீச்சர், ஒங்களுக்குப் போகும்."

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. ஒரு நிமிடமாகவும் இருக்கலாம். அந்தக் குரல் பதிவு காதுக்குள் ஓடியது. துணிந்து எழுந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில், அங்கே இருப்பது ஏறுவதைவிடத் தாங்க முடியாமல் போனதால் எழுந்தேன். நான்கு காலில், பூனையைப்போல, மிச்சப் படிகளைக் கடந்தேன்.

படிகள் முடிகிற இடத்தில் ஓர் ஒடுங்கிய தளம். அதிலிருந்து சுவரோடு நேர் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஏணியின் முடிவில் வளைந்த இரும்பு மூடி, அதன் பாதி இடைவெளிக்குள்ளால் சாம்பல் நிற வானம். பெற்றரி இருந்த பெட்டியும் விளக்கும் அதற்கு மேலேதான் இருந்தன, வெளியே, காற்றில்.

மேலே அணிந்திருந்த அபாயா ஏணியில் சிக்கும் என்று கழற்றிவிட்டு சல்வாரோடு நின்றேன். நானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நிலைமையிலும் அவர் அப்படிச் செய்ததை நான் மறக்கவில்லை. முக்காட்டின் முனைகளைக் கழுத்துக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். அவர் கயிறொன்றை என் இடுப்பில் சுற்றி, மறுமுனையை ஏணிக் கம்பியில் கட்டினார்.

"வழுக்கினாலும் விழ மாட்டீங்க. நான் கயிறப் புடிச்சிரிக்கன்."

மூடிக்குள்ளால் தலையை நீட்டியதும் காற்று முகத்தில் அறைந்தது, மூச்சு எடுக்க முடியவில்லை. வயிற்றால் ஊர்ந்து வெளியே போனேன். வட்டமான சின்னத் தளம். சுற்றியிருந்த இரும்புக் கம்பி வேலியில் கடல் பக்கம் இரண்டு முழத்துக்கு ஒன்றும் இல்லை, துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. விளக்குத் தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். கோபுரம் ஆடியது. கல் கோபுரம் ஆடாது என்று நானா பிறகு எத்தனையோ முறை சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும், ஆடியது.

கண்ணைத் திறந்தபோது கடலும் இல்லை, களப்பும் இல்லை. நான் எழுதியிருந்த நீல விரிப்பு எதுவும் அங்கே இல்லை. வெள்ளையாய் ஓடுகிற மழை மட்டும்தான்.

பெற்றரியை இன்னொரு கயிற்றில் கட்டி அவர் கீழிருந்து தள்ள, நான் ஒரு கையால் இழுத்தேன். மூடியின் விளிம்பில் புறங்கை கிழிந்தது, அப்போது தெரியவில்லை. திறந்து கிடந்த பெட்டிக்குள் இரண்டு வயர் நுனிகள் தொங்கின.

"செவப்பு வயர் எது?" என்று அவர் கத்தினார்.

"ரெண்டும் கறுப்பு! வெயில்ல போயிட்டு!"

"ஒண்டுல கோடு இரிக்கும். தடவிப் பாருங்க. கோடு உள்ளத கூட்டல் குறி இரிக்கிற பக்கம் பூட்டுங்க."

தடவினேன். விரல்கள் விறைத்திருந்தன. ஒரு நுனியில் மெல்லிய வரம்பு தட்டுப்பட்டது. பூட்டினேன். மற்றதையும் பூட்டினேன். விளக்கைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எரியல்ல!"

"மாத்திப் பூட்டிட்டீங்களா?"

"இல்ல! சரியாத்தான் பூட்டின! எரியல்ல நானா!" என் குரல் அழுகையாக மாறியதை நானே கேட்டேன்.

கீழே ஏணியில் அவர் செருப்பு உரசியது. பிறகு: "டீச்சர், இப்ப நேரம் என்ன?"

"என்னத்துக்கு?"

"அஞ்சுமணிகூட ஆகல்ல. அது பகல் எண்டு நினைச்சிட்டு இரிக்கி! விளக்குப் பக்கத்துல சின்னக் கண் ஒண்டு இரிக்கும், கண்ணாடிப் பொட்டு மாதிரி. அதக் கையால பொத்துங்க!"

விளக்கின் கழுத்தில், பயறளவு, அது இருந்தது. தூணிலிருந்து ஒரு கையை விடுவித்து அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினேன்.

விளக்கு எரிந்தது. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெள்ளையாய், கண்ணைக் குருடாக்குகிற ஒளி. அணைந்தது. மீண்டும் எரிந்தது. சிறிது நேரம் இருட்டாக நின்று, மறுபடியும் இரண்டு முறை.

"எரியுது!" என்று கத்தினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! இப்ப எறங்குங்க!"

கையை எடுத்தேன். விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி பொத்தினேன். எரிந்தது. நானா ஒட்டுகிற டேப்பைத் தந்தார், ஈரத்தில் ஒட்டவில்லை. கைக்குட்டையைக் காற்று பறித்துக்கொண்டு போனது. வேறு வழி இல்லை. உண்மையாகவே இருட்டும்வரை நான் அங்கே கிடந்து அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒரு மணி நேரம் இல்லை. ஒரு கை தூணில், ஒரு கை மேலே, கால்கள் மூடியின் விளிம்பில். காற்று அடிக்கடி என் கீழே புகுந்து என்னைத் தூக்கப் பார்த்தது. இடுப்புக் கயிறு இறுகும்போதெல்லாம் கீழே ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தது. உயர்த்திய கை மரத்து, பிறகு எரிந்து, பிறகு இல்லாமலே போனது. நான் விழுந்து செத்தால் மகள் எதை நினைப்பாள் என்று நினைத்தேன். அவர் செத்து நான் இருந்தால் என்று நினைத்தேன். இரண்டில் எதற்குக் கூடப் பயந்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது.

நான் ஓதுவது நின்றுபோனதை நானா கவனித்திருக்க வேண்டும்.

"டீச்சர், இந்த லைட்ட யார் கட்டின?"

"என்ன?"

"யார் கட்டின எண்டு கேக்கிறன். நீங்கதானே புத்தகத்துல எழுதின. சொல்லுங்க!"

"வெள்ளைக்காரன்!"

"கேக்கல்ல, சத்தமாச் சொல்லுங்க! என்னத்தால கட்டின?"

"முருகைக்கல்லால! சுண்ணாம்பால!"

"பொறகு?"

அந்தக் காற்றுக்குள் நான் வெளிச்சவீட்டின் வரலாற்றைக் கத்தினேன். மண்ணெண்ணெயை, பறவைகளை, வாயு விளக்கை, யுத்தத்தை. அலைச் சத்தத்தை வைத்துக் கரையைப் பிடித்த வள்ளத்தைப் பற்றிச் சொன்னேன், அது கட்டுரையில் இல்லை. முடிந்ததும் அவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். இரண்டாம் தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்டபோது சுற்றிலும் கறுத்துவிட்டிருந்தது. கையை எடுத்துப் பார்த்தேன். விளக்கு தானாகவே எரிந்தது.

எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. கடைசிப் படியில் வாந்தி எடுத்தேன். பெற்றரி இல்லாத ஓட்டோவை அங்கேயே விட்டுவிட்டு ஊர்க் கடற்கரைக்கு நடந்து வந்தோம்.

மஃரிப் தொழுகை முடிந்த கையோடு கடற்கரையில் கூச்சல் கேட்டது. ஒரு போட் வாசலால் நுழைந்து வந்துகொண்டிருந்தது. நான் கரையோரம் ஓடினேன். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது போட்டின் நிறம். பச்சை. எங்களுடையது நீலம்.

அண்ணன் தம்பி இருவரையும் இறக்கினார்கள். தம்பியின் ஒரு கை எஞ்சினுக்கும் பலகைக்கும் இடையில் நசிந்திருந்தது. அண்ணன் மணலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

"லைட்டக் கண்டதும் எனக்கு இன்னும் பயம் புடிச்சிட்டு. எங்கட லைட் செத்த லைட்தானே. வேற எங்கயோ வந்திட்டம் எண்டு நினைச்சன். பொறகு தம்பி எண்ணிப் பாத்தான். ரெண்டு அடி, ஒரு நிப்பாட்டு. எங்கட லைட்தான் எண்டான்."

எங்கள் போட்டைக் கண்டீர்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. மாமி தொழுகைப் பாயிலேயே இருந்தார், நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் காற்று விழுந்துவிட்டது. வெயிலும் எறித்தது. பதினொரு மணி இருக்கும், தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. என்னால் எடுக்க முடியவில்லை. எடுக்காதவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை அடித்தபோது மாமி என் கையிலிருந்து பறித்து எடுத்தார். கேட்டுக்கொண்டே நின்றவர், ஃபோனை என் காதில் வைத்தார்.

"நான்தான்," என்றார் அவர்.

எஞ்சின் முழுக்க நின்று, காற்று அவர்களை வடக்கே கொண்டுபோயிருந்தது. மன்னார் மாவட்டக் கரையொன்றில் விடியற்காலையில் ஒதுங்கினார்களாம். அங்குள்ள மீனவர்கள் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். வேன் பிடித்துப் போனோம். கட்டிலில் உப்புப் பூத்த உதடுகளோடு கிடந்தார். அவருடைய மாமா மகன் அடுத்த கட்டிலில் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் கேட்டது, இன்றும் வெட்கமாக இருக்கிறது: "லைட்டக் கண்டீங்களா?"

"என்ன லைட்?"

"எங்கட லைட். நாங்க எரிய வச்ச."

"இல்ல புள்ள. ஒண்டும் தெரியல்ல. மழதான்."

ஒரு கணம் எனக்கு அவர் மேல் கடுங்கோபம் வந்தது. செத்துப் பிழைத்து வந்த மனிதர் மேல். பிறகு கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை, கையை எடுத்து என் தலையில் வைத்தார்.

அடுத்த வாரம் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். ஓட்டோ பெற்றரி இன்னும் உச்சியில்தான் இருந்தது; அதைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அரசாங்கச் சொத்தில் கை வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று நானா சொன்னார், நான்தான் என்று நான் சொன்னேன். வோச்சர் மூலையில் நின்று கைகளைப் பிசைந்தார். சாவி எப்படிக் கிடைத்தது என்று அதிகாரி கேட்டபோது, அவர் வீட்டு வாசலிலிருந்து நானே எடுத்தேன் என்றேன். அது உண்மைதானே. வேலை போய்விடும், கடிதம் வரும் என்று மாதக்கணக்காகத் தபால்காரரின் மணிச் சத்தத்துக்கு நடுங்கினேன். கடிதம் வரவில்லை. புதுப் பெற்றரிகள் வந்தன, மூடிக்குப் புது இரும்பு வந்தது, கம்பி வேலியில் இல்லாத இரண்டு முழமும் பூட்டப்பட்டது.

பச்சைப் போட்டின் தம்பிக்கு இரண்டு விரல் போனது. என் கணவரின் மாமா மகன் கடலை விட்டுவிட்டார். இப்போது புத்தளத்தில் உப்பளத்தில் வேலை, கடலின் பக்கம் முகம் திருப்பி உட்காரவும் மாட்டார். என் கணவர் நாற்பது நாள் வீட்டில் இருந்தார். வலை தைத்தார், எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார். நாற்பத்தோராம் நாள் மாலை, நாளைக்குப் போகிறேன் என்றார்.

"போகத்தான் வேணுமா?"

"வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?"

அவர் கதிரையில் இருந்து, கையில் ஒட்டியிருந்த எஞ்சின் எண்ணெயைத் துடைத்தார்.

"அண்டைக்கு என்ன செஞ்சம் தெரியுமா?" என்றார். "எஞ்சின் நிண்டதும் கயிற எடுத்து எங்க ரெண்டு பேரையும் போட்டோட சேத்துக் கட்டினன். பொழைக்க இல்ல. செத்து, போட் ஒதுங்கினா ரெண்டு மையத்தும் ஒரே இடத்துல கெடைக்கட்டும் எண்டுதான். தேடிக்கிட்டு நீங்க அலையக் கூடாது எண்டு. ஒனக்குச் சொல்லல்ல."

நானும் என் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றி அன்றுதான் அவருக்குச் சொன்னேன். அதுவரை, ஏறி விளக்கைப் பூட்டினோம் என்பதற்கு மேல் சொல்லியிருக்கவில்லை. வேலி இல்லாத இடத்தை, காற்று கீழே புகுந்ததை, கை மரத்துப் போனதை எல்லாம் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. இனி அங்கே ஏறாதே என்றார். நீங்கள் போகாவிட்டால் ஏறமாட்டேன் என்றேன். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். சிரித்தாலும் இருவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

அவர் சுபஹு தொழுகைக்கு முன் போனார். நான் எழுந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், வாசல்வரை போகவில்லை. பாடசாலையில் அன்று எட்டாம் வகுப்புக்கு என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் ஏதோ கேட்டார்கள், ஓம் ஓம் என்றேன். ஒன்றரைக்கு மணி அடித்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தேன். நீலப் போட் கரையில் இழுத்து ஏற்றிக் கிடந்தது. வீட்டில் அவர் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குசினியில் மாமி இரண்டு பாரை மீனை வெட்டிக்கொண்டு, இன்றைக்குப் பிடிபட்ட மீன் குறைவு என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.